மாத்திரை போட்டும் டெஸ்ட்ல ரெண்டு கோடு, ரத்தமும் நிக்கலை. கலையலையா?

#1 மழைத்துளி

எல்லாருக்கும் வணக்கம். ஏழு வாரம்னு ஸ்கேன்ல உறுதி பண்ணி, டாக்டர் எழுதிக்கொடுத்துதான் கருக்கலைப்பு மாத்திரை எடுத்தேன். முதல்ல மிஃபெப்ரிஸ்டோன் 200 மி.கி. ஒண்ணு. ஒரு நாள் விட்டு மிசோப்ரோஸ்டால் நாலு, கன்னத்துக்குள்ள ரெண்டு பக்கமும் அடக்கி வெச்சு அரை மணி நேரம் கழிச்சு மிச்சத்தை முழுங்கினேன். அன்னைக்கு ராத்திரி உயிர் போற வலி. கட்டி கட்டியா போச்சு. விடிஞ்சப்ப வலி அடங்கிடுச்சு.

இன்னைக்குப் பன்னிரண்டாவது நாள். இன்னும் லேசா பட்டுக்கிட்டே இருக்கு. மனசு கேக்காம வீட்டிலேயே சிறுநீர் டெஸ்ட் பண்ணினேன், ரெண்டு கோடு. அக்கா "உடனே போய் சுத்தம் பண்ணிடு"ங்கிறா. எனக்கோ இன்னொரு நாலு மாத்திரை வாங்கிப் போட்டுப் பாக்கலாமான்னு இருக்கு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 தென்றல்வீதி

எனக்கும் மூணு வாரத்துக்கு மேல லேசா இருந்துச்சு, தானா நின்னுடுச்சு. பயப்படாதீங்க.

#3 நெருப்புக்கோழி

ஒருத்தருக்கு நின்னதுன்னா எல்லாருக்கும் நிக்குமா? இந்த மாத்திரையே விஷம். கர்ப்பப்பை வீணாப்போகும், பின்னாடி குழந்தையே தங்காது. கடையில கேட்டா மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறாங்க, வாங்கிப் போட்டுட்டு அப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறீங்க.

#4 வார்டு சிஸ்டர்

மழைத்துளி தங்கச்சி, முதல்ல அந்த டெஸ்ட் கிட்டை எடுத்துத் தூர வைங்க. கர்ப்பமானா உடம்புல சுரக்கிற எச்சிஜி ஹார்மோன், கர்ப்பம் கலைஞ்ச பிறகும் மெதுவாத்தான் இறங்கும். கடையில கிடைக்கிற சாதாரண கிட் ரொம்பக் கொஞ்சம் இருந்தாலே கோடு காட்டிடும். அதனாலதான் நாலு வாரம் கழிச்சுப் பாருங்கன்னு சொல்றது. ரெண்டாவது வாரத்துல ரெண்டு கோடு வர்றது சகஜம், அதை வெச்சுக் கலைஞ்சதா கலையலையான்னு ஒண்ணும் சொல்ல முடியாது. சீக்கிரம் தெரியணும்னா ரத்தத்துல பீட்டா எச்சிஜி பாக்கணும். மாத்திரைக்கு முன்னாடி எடுத்த அளவு இருந்தா இன்னும் நல்லது: ஒரு வாரத்துல அது 80 சதவீதத்துக்கு மேல இறங்கியிருந்தா கலைஞ்சிடுச்சுன்னு எடுத்துக்கலாம். அந்த அளவு இல்லைன்னா ஸ்கேன்.

ரத்தம் சராசரியா 9 நாள்ல இருந்து 16 நாள் வரை இருக்கும். சிலருக்கு ஒரு மாசம் கூட இழுக்கும். விட்டு விட்டு வரும், நின்ன மாதிரி இருந்து திரும்பப் படும். நாளாக நாளாகக் குறையுதா, அதுதான் கேள்வி. நீங்க சொல்றதைப் பாத்தா குறைஞ்சிருக்கு.

இன்னொரு நாலு மாத்திரைங்கிற யோசனை வேண்டாம். திரும்பக் கொடுக்கிறது உண்டுதான், ஆனா உள்ள என்ன மிச்சம் இருக்குன்னு பாத்துட்டு டாக்டர் கொடுப்பாங்க. கிட்டுல வந்த கோட்டை நம்பிப் போடுற மாத்திரை இல்ல அது.

இப்ப எப்ப ஓடி வரணும்னு சொல்றேன், எல்லாருமே மனசுல வெச்சுக்குங்க. பெரிய சைஸ் நாப்கின் ஒரு மணி நேரத்துல ரெண்டு முழுசா நனையுது, அதே வேகத்துல அடுத்த மணி நேரமும் போகுதுன்னா மூணாவது மணி நேரத்துக்குக் காத்திருக்காதீங்க. எலுமிச்சம்பழ அளவுக்கு மேல கட்டி திரும்பத் திரும்ப வந்தாலும், கண்ணை இருட்டிக்கிட்டு வந்தாலும் அப்படித்தான். மிசோப்ரோஸ்டால் போட்ட அன்னைக்குக் குளிர் நடுக்கம், காய்ச்சல், பேதி எல்லாம் வரும், அது மாத்திரையோட குணம், பயப்பட வேண்டாம். ஆனா 38 டிகிரி செல்சியஸுக்கு மேல காய்ச்சல் நாலு மணி நேரம் தாண்டி நின்னாலோ, மறுநாளுக்கு அப்புறம் புதுசா வந்தாலோ, நாத்தமடிக்கிற வெள்ளைப்படுதல் இருந்தாலோ அது தொற்றா இருக்கலாம்.

வார்டுல நான் அதிகம் பாக்கிறது என்ன தெரியுமா? "ரத்தம் போகத்தானே செய்யும்னு பேசாம இருந்தேன் சிஸ்டர்"னு சொல்லிக்கிட்டு, உதடெல்லாம் வெளுத்துப்போய் வர்றவங்களை. பேட் நனையுதா, வழியுதான்னு கேட்டா பதில் சொல்லத் தெரியாது, ஏன்னா எண்ணியிருக்க மாட்டாங்க. மாத்திரை போடுற அன்னைக்கு ஒரு தாள்ல மணியும் பேடும் குறிச்சு வைங்க. பாத்ரூம் கதவைத் தாழ் போடாதீங்க. ரொம்ப நேரம் உக்காந்துட்டுச் சட்டுனு எழுந்திரிச்சு, தலை சுத்தி விழுந்து, தையல் போட வந்தவங்களும் உண்டு. வீட்டுல கூப்பிடு தூரத்துல ஒருத்தர் இருக்கணும்.

#5 கணக்கு வாத்தியார்

சிஸ்டர், நான் கணவன் பக்கத்திலிருந்து கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அடுத்த வாரம் இதே முடிவு. வாரக் கணக்கை எங்கிருந்து எண்ணுவது? நாங்கள் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் ஐந்து வாரம், டாக்டர் ஏழு என்கிறார்.

#6 வார்டு சிஸ்டர்

டாக்டர் சொல்றதுதான் சரி சார். கடைசியா மாதவிலக்கு வந்த முதல் நாள்ல இருந்துதான் எண்ணணும். பாதிப் பேர் உங்களை மாதிரித்தான் எண்ணிட்டு, ஒன்பது வாரத்தை ஏழுன்னு சொல்லிட்டு வருவாங்க. தவறா எடுத்துக்க ஒண்ணுமில்ல, நீங்க கேக்கிறதே பெரிய விஷயம்.

#7 மகப்பேறு மருத்துவர்

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நெருப்புக்கோழி எழுதியதற்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

விஷம் என்பது தவறு. மிஃபெப்ரிஸ்டோன் 1988-இல் பிரான்சில் அனுமதி பெற்றது, 2000-இல் அமெரிக்காவில். இரண்டு மருந்துகளும் 2005-இலிருந்து உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இருக்கின்றன. கர்ப்பம் தங்குவதற்குத் தேவையான புரோஜெஸ்டிரோனின் வேலையை முதல் மாத்திரை தடுக்கிறது. இரண்டாவது, கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து வெளியேற்றுகிறது. இது முதலில் வயிற்றுப்புண்ணுக்காக வந்த மருந்து. ஆரம்ப வாரங்களில் முறையாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 95-க்கும் மேற்பட்டவர்களுக்கு முழுமையாகக் கலைந்துவிடுகிறது. மிச்சமுள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு உள்ளே கொஞ்சம் தங்கியிருக்கும். கர்ப்பமே தொடர்வது நூற்றில் ஒருவருக்கு, வாரம் கூடக் கூட அதுவும் சற்றுக் கூடும். ரத்தம் ஏற்றும் அளவுக்குப் போவது ஆயிரத்தில் சிலருக்குத்தான். சிக்கலின்றி முடிந்த கருக்கலைப்பால் பிறகு குழந்தை தங்காமல் போகும் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

ஆனால் அவர் எரிச்சலில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் பார்த்தவரை, சிக்கலோடு வந்தவர்களில் பலருக்கு வினை வந்தது மாத்திரையால் அல்ல, அதற்கு முன் யாரும் எதுவும் கேட்காததால். குழாய்க் கர்ப்பமா என்று பார்த்திருக்க மாட்டார்கள். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டு கர்ப்பப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாயில் தங்கும். அதை இந்த மாத்திரை கலைக்காது. ஆனால் மாத்திரை போட்டதும் ரத்தம் வரும், "ஆச்சு, முடிந்தது" என்று இருந்துவிடுவார்கள், உள்ளே குழாய் வெடிக்கும். முன்பு குழாய்க் கர்ப்பம் வந்தவர்கள், குழாயில் அறுவை செய்துகொண்டவர்கள், காப்பர் டி இருக்கும்போதே கருத்தரித்தவர்கள் ஸ்கேன் பார்க்காமல் இதைத் தொடவே கூடாது. காப்பர் டி இருந்தால் முதலில் அதை எடுத்தாக வேண்டும்.

நீண்ட நாளாக ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள், அட்ரினல் சுரப்பிக் கோளாறு உள்ளவர்கள், போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய் உள்ளவர்கள், ரத்தம் உறையாத நோய் இருப்பவர்கள், ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் இவர்களுக்கு இந்த வழி சரிப்படாது. கடுமையான ரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஹீமோகுளோபின் ஏற்கெனவே அடிமட்டத்தில் இருப்பவருக்கு, மற்றவர் தாங்கும் சாதாரண ரத்தப்போக்கே ஆபத்து.

#8 நெருப்புக்கோழி

சரி டாக்டர், விஷம்ங்கிற வார்த்தையை விடுங்க. தொற்றுல செத்தவங்க இருக்காங்களா இல்லையா?

#9 மகப்பேறு மருத்துவர்

இருக்கிறார்கள். மிக மிக அரிது, ஆனால் மறைக்க வேண்டியதில்லை. குளாஸ்டிரிடியம் சோர்டெல்லி என்ற கிருமியால் சில மரணங்கள் பதிவாகியிருக்கின்றன. பிரசவத்துக்குப் பிறகும், இயற்கையாகக் கலைந்த பிறகும் அது வந்திருக்கிறது. அதில் மோசமான விஷயம், பல நேரம் காய்ச்சலே இருக்காது. மிசோப்ரோஸ்டால் போட்டு ஒரு நாள் கடந்த பிறகும் வாந்தி, பேதி, வயிற்று வலி, எழுந்து நிற்க முடியாத அசதி, படபடப்பு இவை இருந்தால், காய்ச்சல் இல்லை என்பதை வைத்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள்.

#10 ஊதாப்பூ

இழையை நடுவுல கெடுக்கிறதுக்கு மன்னிக்கவும். நான் ஸ்கேன் பாக்கலை. நாள் தள்ளிப்போய் ரெண்டு வாரம் ஆச்சு, கடையில வாங்கிப் போட்டேன், அஞ்சு நாள் ஆகுது. ரத்தம் ரொம்பக் கொஞ்சம்தான் வந்துச்சு, கட்டி எதுவும் இல்ல. இடது அடிவயித்துல விட்டு விட்டுக் குத்துது. காலைல இருந்து தோள்பட்டையும் வலிக்குது, படுத்த வாக்குல இருக்கும்னு நினைச்சேன். இங்க படிச்சதும் பயமாயிருக்கு.

#11 வார்டு சிஸ்டர்

ஊதாப்பூ, இதைப் படிச்ச உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கிளம்புங்க. நாளைக்கு இல்ல, இப்ப. வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சா தோள்பட்டை வலிக்கும். ஒத்தையா வண்டி ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. போனதும் வாசல்லயே "கர்ப்பம், மாத்திரை போட்டிருக்கேன், ஒரு பக்கம் வலி, தோள்பட்டை வலி"ன்னு நாலையும் ஒரே மூச்சுல சொல்லுங்க, வரிசையில உக்கார வைக்க மாட்டாங்க. எதுவும் சாப்பிடாமப் போங்க.

#12 தென்றல்வீதி

மாத்திரை போட்டதை டாக்டர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பாதிப் பேர் போகவே மாட்டேங்கிறாங்க. திட்டு வாங்கணும், கல்யாணம் ஆயிடுச்சான்னு கேப்பாங்க. சட்டம் கெடுபிடியா இருக்கிற நாடுகள்ல இருக்கிறவங்களுக்கு இன்னும் பயம்.

#13 மகப்பேறு மருத்துவர்

அந்தப் பயம் நியாயமானது, எல்லா நாட்டிலும் சட்டம் ஒன்றல்ல. ஒன்று மட்டும் சொல்ல முடியும்: மாத்திரையால் கலைந்தாலும் தானாகக் கலைந்தாலும் ரத்தப்போக்குக்கும் தொற்றுக்கும் சிகிச்சை ஒன்றேதான். சொன்னால் எங்களுக்கு வேலை சுலபம், என்றைக்குப் போட்டீர்கள், எத்தனை போட்டீர்கள் என்பது உதவும். சொல்லத் தயங்குகிறீர்கள் என்பதற்காக வராமல் மட்டும் இருக்காதீர்கள். திட்டுகிற டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கும்.

#14 மழைத்துளி

டாக்டர், சிஸ்டர், நன்றி. ஊதாப்பூ போயிட்டாங்களா?

என் விஷயத்துக்கு வர்றேன். அக்கா விடலை, நேத்து வேற ஒரு இடத்துல ஸ்கேன் எடுத்துட்டேன். கர்ப்பம் இல்ல. ஆனா கர்ப்பப்பை உள்சுவர் 13 மில்லிமீட்டர் தடிப்பு, "மிச்சம் தங்கியிருக்கலாம்"னு ரிப்போர்ட். அங்கேயே கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ற டிஎன்சிக்கு நாள் குறிச்சுட்டாங்க. பண்ணிக்கணுமா?

#15 கணக்கு வாத்தியார்

இதைத்தான் நானும் கேட்க நினைத்தேன். எல்லோரும் ஸ்கேன் பார்த்தே தீர வேண்டுமா? உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வழிகாட்டி, சிக்கல் இல்லையென்றால் கட்டாயப் பரிசோதனை தேவையில்லை என்கிறதே.

#16 மகப்பேறு மருத்துவர்

வாத்தியார் சொல்வது சரி. அபாய அறிகுறிகள் தெரிந்திருந்து, எதிர்பார்த்தபடி ரத்தம் போய், கர்ப்பக் குறிகள் அடங்கிவிட்டால் வழக்கமான மறுபரிசோதனை கட்டாயமில்லை என்பதே அதன் நிலை. அமெரிக்க மருந்துக் குறிப்பு 7 முதல் 14 நாளுக்குள் பார்க்கச் சொல்கிறது. நான் நடுவில் நிற்கிறேன்: ஒரு போன் அழைப்பாவது வேண்டும், மார்பு கனம் குறைந்ததா, குமட்டல் போனதா, ரத்தம் எப்படி என்று கேட்டுவிட்டு, சந்தேகம் வந்தால் மட்டும் வரச் சொல்வேன். ஏனென்றால் தேவையில்லாத ஸ்கேன் தேவையில்லாத அறுவைக்கு வழி வைக்கிறது.

மழைத்துளிக்கு நடப்பது அதுதானோ என்று தோன்றுகிறது. மாத்திரைக்குப் பிறகு ஸ்கேனில் உள்சுவர் தடித்துத் தெரிவது, உள்ளே கொஞ்சம் ரத்தக்கட்டி தெரிவது இயல்பு. தடிப்பு 13 என்ற ஒற்றை எண்ணுக்காக யாரும் சுத்தம் செய்யக்கூடாது. ரத்தம் குறைந்துகொண்டே வருகிறது, காய்ச்சல் இல்லை, வலி இல்லை என்றால் காத்திருக்கலாம், அடுத்த மாதவிலக்கோடு போய்விடும். ரத்தப்போக்கு நீடித்துத் தொல்லை கொடுத்தால் இன்னொரு சுற்று மிசோப்ரோஸ்டால் கொடுக்கலாம். அதிக ரத்தப்போக்கு, தொற்று என்றால் சுத்தம் செய்துதான் ஆக வேண்டும். அப்போதும் கரண்டி போட்டுச் சுரண்டும் பழைய டிஎன்சி வேண்டாம் என்பதே இன்றைய பரிந்துரை. வெற்றிடக் குழாய் வைத்து உறிஞ்சும் முறை இருக்கிறது, கேளுங்கள். உங்களை நான் நேரில் பார்க்கவில்லை. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரிடமே ரிப்போர்ட்டைக் காட்டி "எனக்கு எந்த அறிகுறிக்காக இதைச் செய்கிறீர்கள்?" என்று கேளுங்கள்.

#17 சின்னமணி

ஒரு சந்தேகம். உறவுக்கு அப்புறம் 72 மணி நேரத்துக்குள்ள போடுற மாத்திரை இதேதானே? நான் அதை ரெண்டு தடவை போட்டிருக்கேன், இப்ப பயமாயிருக்கு.

#18 வார்டு சிஸ்டர்

இல்லம்மா. அது அவசர கருத்தடை மாத்திரை, கரு உருவாகாமத் தடுக்கிறது. ஏற்கெனவே தங்கின கர்ப்பத்தை அது கலைக்காது. ரெண்டுக்கும் சம்பந்தமில்லை. பயப்பட ஒண்ணுமில்ல.

#19 நெருப்புக்கோழி

மாத்திரை போட்டும் கலையலைன்னா, "சரி பெத்துக்கிறேன்"னு விட்டுடறவங்க இருக்காங்களே, குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதா?

#20 மகப்பேறு மருத்துவர்

நல்ல கேள்வி. கருவில் மிசோப்ரோஸ்டால் பட்ட சில குழந்தைகளுக்குக் கை கால் குறைபாடும், முக நரம்புகள் செயலிழக்கும் மோபியஸ் நோய்க்குறியும் வந்திருக்கின்றன. எல்லாருக்கும் வராது, ஆனால் வாய்ப்பு கூடுகிறது. அதனால்தான் ரத்தம் வந்தது என்பதை மட்டும் நம்பாமல், கலைந்ததா என்று ஏதாவது ஒரு வழியில் உறுதி செய்யச் சொல்கிறோம். மிசோப்ரோஸ்டால் போட்டு ஒரு நாள் முழுக்க ரத்தமே வராவிட்டாலும், கர்ப்பக் குறிகள் தொடர்ந்தாலும் உடனே பார்க்க வேண்டும்.

#21 ஊதாப்பூ

ஆஸ்பத்திரியில இருந்து எழுதுறேன். குழாய்க் கர்ப்பம்தான். கசிய ஆரம்பிச்சிருந்துச்சு, அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன் பண்ணி ஒரு பக்கக் குழாயை எடுத்துட்டாங்க. ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. இப்ப பரவாயில்ல. சிஸ்டர், நீங்க சொன்ன நாலு வார்த்தையைத்தான் வாசல்ல சொன்னேன்.

#22 வார்டு சிஸ்டர்

அப்பாடா. வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி இரும்புச்சத்து மாத்திரை எத்தனை நாள்னு கேட்டு வாங்கிக்குங்க. அடுத்த தடவை நாள் தள்ளினா எவ்வளவு சீக்கிரம் ஸ்கேன் பாக்கணும்னும் கேளுங்க. ஒரு குழாய் இருந்தாலும் கர்ப்பம் தங்கும்.

#23 கணக்கு வாத்தியார்

எங்கள் நாள் நெருங்குகிறது. வலிக்கு என்ன கொடுக்கலாம்? ரத்த வகை நெகட்டிவ், அதற்கு ஊசி போட வேண்டுமா? அதன் பிறகு எவ்வளவு நாள் கழித்துக் கருத்தடை?

#24 மகப்பேறு மருத்துவர்

வலிக்குப் பாராசிட்டமாலைவிட ஐபுப்ரோஃபென் நன்றாகக் கேட்கும், மிசோப்ரோஸ்டால் வேலை செய்வதை அது கெடுக்காது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தால் வேறு கேளுங்கள். ஆஸ்பிரின் வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டும். முதல் மாத்திரை போட்டு ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் டாக்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

ஆர்எச் நெகட்டிவ் என்றால் அடுத்த கர்ப்பத்துக்குச் சிக்கல் வராமல் இருக்க ஆன்டி-டி ஊசி போடுவதே பல காலம் வழக்கம். 12 வாரத்துக்குள் அது தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய நிலை. சில மருத்துவர்கள் இன்னும் போடுகிறார்கள், உங்கள் டாக்டர் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கருத்தடைக்கு மாதவிலக்கு வரட்டும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். மாதவிலக்கு வர நாலு முதல் எட்டு வாரம் ஆகலாம். ஆனால் கருமுட்டை எட்டாவது நாளிலேயே வெளிவந்த பெண்கள் இருக்கிறார்கள். கருத்தடை மாத்திரையை, முதல் கருக்கலைப்பு மாத்திரை போட்ட அன்றே தொடங்கலாம், கைக்குள் வைக்கும் இம்ப்ளான்ட்டும் அப்படியே. மூன்று மாத ஊசியை முதல் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் கர்ப்பம் தொடரும் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது, அதைச் சொல்லிவிட்டுத்தான் நான் போடுவேன். காப்பர் டி என்றால் முழுசாகக் கலைந்தது உறுதியான பிறகு.

#25 மழைத்துளி

டிஎன்சி வேண்டாம்னுட்டேன். என் பழைய டாக்டர் பீட்டா எச்சிஜி பாத்தாங்க, நல்லா இறங்கியிருக்காம். ரத்தம் இப்ப பழுப்பா ஒரு சொட்டு ரெண்டு சொட்டுதான். நாலு வாரம் முடிஞ்சதும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணிட்டு வந்து சொல்லச் சொன்னாங்க. அக்கா இன்னும் முறைச்சுக்கிட்டுத்தான் இருக்கா.